எந்த ஆமா?

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் எழுத்துகள் காலை ஒன்பது மணி லோக்கல் ரயிலில் நிற்கிறவர்களைப் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. இரண்டு சுழியா மூன்று சுழியா என்று சந்தேகம் வந்தால், பேனாவை லேசாக இழுத்து, எத்தனை சுழி என்று யாராலும் எண்ண முடியாதபடி விட்டுவிடுவேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

என் எழுத்துப் பிழை சாதாரணப் பிழை இல்லை. கல்யாணத்துக்கு ஜாதகம் கொடுத்தபோது, கூடவே ஒரு துண்டுச் சீட்டில் என் விவரத்தை நானே எழுதிக் கொடுத்தேன். தொழில் என்ற இடத்தில் ‘சட்டை தொழில்’ என்று எழுத நினைத்தேன். ஐகாரக் கொம்பு விட்டுப்போய் ‘சட்ட தொழில்’ ஆகிவிட்டது. வடாலாவில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வக்கீல் என்று நினைத்துக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போன அன்று, மாமனாராகப் போகிறவர் ஒரு வீட்டுப் பத்திரத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்து, “இதுல ஏதும் லோச்சா இருக்கான்னு பாருங்க மாப்ள” என்றார். எனக்குத் தெரிந்த பார்வை துணியைப் பார்க்கிற பார்வைதான். இரண்டு பக்கமும் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, “தையல் நல்லாத்தான் இருக்கு” என்றேன். உள்ளே இருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்காரியைத்தான் கட்டிக்கொண்டேன்.

பத்திரத்தில் இருந்த லோச்சா, அதாவது வில்லங்கம், பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டை மாமனார் ஏற்கெனவே மட்காவில் தோற்றிருந்தார். மட்கா என்பது நம்பர் சீட்டு எழுதி ஆடுகிற ஆட்டம். பம்பாயில் இந்த மாதிரிப் பந்தயம் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் ‘சட்டா’. வீட்டை மீட்க ஒரு வக்கீல் மாப்பிள்ளை கிடைப்பானா என்று பார்த்திருக்கிறார் மனிதர். கிடைத்தது தையல்காரன்.

ஆகவே என் மனைவி எங்கள் தாராவி வீட்டில் முதல் நாள் சோறு பரிமாறும்போதே கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “குடிக்கிறவனுக்குக்கூடப் போடுவேன். சட்டா ஆடுன கைக்கு நான் சோறு போட மாட்டேன்.” நான் தலையை ஆட்டினேன். எனக்கு வாய் அதிகம் வராது. எதிரே ஆள் இருந்தால் வார்த்தை தொண்டையில் நின்றுவிடும். என் பேச்சில் முக்கால்வாசி ‘ஆமா’தான். இருபத்திரண்டு வருஷம் அந்த ஒரு வார்த்தையை வைத்து நல்லபடியாகக் குடும்பம் நடத்திவிட்டேன். பிறகு அதே வார்த்தை என்னைக் காட்டிக்கொடுத்தது.

அவளுக்கு ஒரு தம்பி. குர்லாவில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருவான். அவன் அக்கா இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறவள். அந்த வியாபாரத்துக்கு வேண்டிய லைசன்ஸ், பேங்க், பேப்பர் எல்லாம் அவன் பொறுப்பு. அப்படி வந்த ஒரு ஞாயிறு, அக்கா மாவு பாக்கெட் கொடுக்க வெளியே போனதும், போனை என் மூக்குக்குக் கிட்டே நீட்டினான்.

“அத்தான், கருத்துச் சொன்னா காசு தாராங்க.”

“சட்டாவா மாப்ள?”

“சேச்சே! இது ஒப்பீனியன். கிரிக்கெட்ல யாரு ஜெயிப்பா, எலெக்சன்ல யாரு வருவா, எந்த நாட்டுச் சண்டை எப்ப நிக்கும், இப்படிக் கேப்பாங்க. ஆமாவா இல்லையான்னு அமுக்கணும். சரியாச் சொன்னா ஒரு பங்குக்குப் பத்து ரூபா. தப்பாச் சொன்னா போட்ட காசு போச்சு.”

சட்டாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். என் கருத்தை இதுவரை வீட்டில் யாரும் கேட்டதில்லை. ரசம் வைக்கவா, குழம்பு வைக்கவா என்றுகூடக் கேட்டதில்லை. ஆனால் எனக்குக் கருத்து நிறைய உண்டு. மெஷினில் உட்கார்ந்து காலர் தைக்கும்போது நாள் முழுக்கக் காதில் செய்திதான் ஓடும். எந்த நாட்டுத் தூதர் எந்த நாட்டுக்குப் போனார், யார் கை குலுக்கினார், யார் குலுக்காமல் திரும்பினார், எல்லாம் தெரியும். இவ்வளவு தெரிந்த ஒருவனிடம் காசு கொடுத்துக் கருத்துக் கேட்கிறார்கள் என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது.

முதல் தடங்கல் என் பெயரில் வந்தது. கணக்குத் திறக்க பான் கார்டு வேண்டும், ஆதார் வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு முன்னால் ஓர் எழுத்துத்தான் அப்பா. பம்பாய்க்காரர்கள் அதை விட மாட்டார்கள், முழுப் பெயரும் எழுதச் சொல்வார்கள். அதனால் என் பான் கார்டில் அப்பா பெயர் முன்னால் நிற்கிறது. ஆதாரில் பின்னால் நிற்கிறது. ரேஷன் கார்டில் அப்பாவைக் காணவே இல்லை. அந்த ஆப் மூன்று தடவை பார்த்துவிட்டு, நான் நான்தான் என்பதை நம்ப முடியாது என்று சொல்லிவிட்டது.

மச்சினன் யோசிக்கவே இல்லை. “அக்கா பேப்பர் பூரா என் போன்ல இருக்கு அத்தான். அதப் போடுவோம். அவளுக்கு எங்க தெரியப் போகுது?”

அக்கா பெயரில் கணக்கு. அக்காவின் பான் கார்டு. அக்காவின் பேங்க். போட்ட ஐநூறு ரூபாயும் அக்காவுடையதுதான், அவள் மாவுக் காசு போட்டு வைக்கிற உளுந்து டப்பாவிலிருந்து எடுத்தது. என் பங்கு, கருத்து மட்டும்.

அப்போது தூரத்தில் இரண்டு நாடுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எந்த நாடுகள் என்று எழுதப் போவதில்லை. இரண்டுமே நான் தைத்த சட்டையை வாங்கியதில்லை, அவர்களோடு எனக்கு எந்தப் பகையும் கிடையாது. அந்தக் கேள்வியை மச்சினன் இங்கிலீஷில் படித்து, எனக்குத் தமிழில் சொன்னான்.

“அத்தான், இந்தச் சண்டை இந்த மாசத்துக்குள்ள நிக்காதா?”

எனக்குத் தெளிவாகத் தெரியும். இந்த மாதத்துக்குள் நிற்க வழியே இல்லை. “ஆமா” என்றேன்.

அவன் அமுக்கிவிட்டான். ஒரு பங்கு ஐம்பது பைசா, ஆயிரம் பங்கு. இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். தேநீர் குடித்து முடிக்கும்போதுதான் கேட்டேன்.

“ஏன் மாப்ள, சண்டை நிக்காதுன்னு உலகத்துக்கே தெரியும். பொறவு ஏன் ஐம்பது பைசா?”

“நிக்காதுக்கு ஒம்பதரை ரூபா அத்தான். நீங்க வாங்கினது நிக்கும்.”

“நான் நிக்காதுன்னுல்லா சொன்னேன்!”

“ஆமான்னீங்களே!”

“ஆமா, நிக்காது.”

“ஆமான்னா நிக்கும் அத்தான். இங்க எஸ்ஸுன்னு இருக்கு.”

“நிக்காதான்னு கேட்டா, ஆமான்னா நிக்காதுலே!”

“அப்ப நிக்கும்னு சொல்ல என்ன சொல்லுவீங்க?”

“நிக்கும்னு சொல்லுவேன்.”

அவன் தலையில் கை வைத்தான். இங்கிலீஷ்காரனுக்கு எஸ் என்றால் காரியம் நடக்கும். நமக்கு ஆமா என்றால் நீ சொல்வது சரி. இது தெரியாமல் ஐநூறு ரூபாய் போய்விட்டது. திருப்பி விற்கலாம் என்று பார்த்தான். ‘நிக்கும்’ என்று வாங்க ஊரில் ஒரு ஆள் இல்லை. உளுந்து டப்பாவில் ஐநூறு குறைவதை எப்படி மறைப்பது என்பதே அந்த மாதம் முழுக்க என் கவலையாக இருந்தது.

மாதக் கடைசி வாரத்தில் சண்டை நின்றுவிட்டது. அந்தக் கடவுளே எதிர்பார்த்திருக்க மாட்டார். டீக்கடை டிவியில் காட்டினார்கள். ஜனங்கள் மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, இடிந்த வீடுகளைத் தேடி நடந்து போகிறார்கள். ஒரு அம்மா பூட்டு இல்லாத கதவின் சாவியைக் காட்டிச் சிரிக்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்குள் முதலில் வந்த நினைப்பு, ஆயிரம் பங்கு, பத்தாயிரம் ரூபாய். அதற்கு அடுத்ததாகத்தான் அந்த அம்மா வந்தாள். அந்த வரிசையை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அந்தச் சண்டை பிறகு மறுபடி தொடங்கிவிட்டது என்று செய்தியில் கேட்டேன். நான் கருத்துச் சொல்லவில்லை.

மச்சினன் போன் செய்தான். “முழுசா வரல அத்தான். லாபம் ஒம்பதாயிரத்து ஐநூறு. அதுல முப்பது சதம் வெட்டிட்டாங்க.”

“யாரு வெட்டுனா?”

“கவர்மென்டு. கம்பெனியே பிடிச்சுக் கட்டிடும். மிச்சம் ஏழாயிரத்து நூத்தம்பது அக்கா அக்கவுன்ட்டுக்கு வந்திட்டு.”

வரியே கட்டியாகிவிட்டது, இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். வரி பிடித்தவன், யாரிடம் பிடித்தோம் என்று எழுதி வைப்பான் என்பது என் மூளையில் வரவில்லை.

அன்று சாயங்காலம் மனைவி போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “ஏழாயிரம் வந்திருக்கே, யாரு போட்டது?”

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே ஒரு வார்த்தை சொன்னது. “போனஸ்.”

“பாய் போட்டாரா? உங்க அக்கவுன்ட்ல போடாம என் அக்கவுன்ட்லயா?”

“ஆமா.”

“பொம்பள கையிலதான் காசு தங்கும்னு தெரிஞ்ச மனுசன்” என்று அவள் கண் கலங்கினாள். பாய் என்பது எங்கள் பட்டறை முதலாளி. தென் மாவட்டத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம். நூல் உருண்டையைக்கூட எண்ணிக் கொடுக்கிறவர். அந்தப் பணத்தோடு தன் சேமிப்பையும் போட்டு, குர்லாவில் ஒரு பழைய பெரிய கிரைண்டரை வாங்கினாள் என் மனைவி. நன்றிக்கு அடையாளமாக, வெள்ளிக்கிழமைதோறும் பாய்க்கு டப்பா நிறைய இட்லி அனுப்பத் தொடங்கினாள். கொண்டு போகிறவன் நான்.

முதல் வெள்ளி பாய் சந்தோஷமாகச் சாப்பிட்டார். மூன்றாவது வெள்ளி, டப்பாவைத் திறக்காமல் என்னையே பார்த்தார்.

“ஏம்பா, உன் வீட்டுல இருந்து வாரா வாரம் இட்லி வருதே. நான் அப்படி என்ன செஞ்சுட்டேன்?”

“உங்களுக்கு நல்ல மனசு பாய்.”

“நல்ல மனசுக்கா சட்னி ரெண்டு வகை?”

நான் சிரித்துக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமையானால் பாய் என் கண்ணில் படாமல் நடக்கப் பார்த்தார். ஒரு நாள் அவரால் தாங்க முடியவில்லை. “சரிப்பா, நானே சொல்லிடுறேன். சட்டைக்கு ரெண்டு ரூபா கூட்டித் தாரேன். அதுக்கு மேல கேக்காத” என்றார். நான் எதுவுமே கேட்கவில்லை. ஆமா என்றேன்.

இப்படி, நான் வாயைத் திறந்த இடத்தில் பொய்யும், திறக்காத இடத்தில் கூலி உயர்வுமாக எட்டு ஒன்பது மாதம் போய்விட்டது.

அடுத்த ஜூலையில்தான் மாட்டினேன். செம்பூரில் ஒரு பெரிய கடை என் மனைவியின் மாவை வாங்கச் சம்மதித்தது. வருமான வரிக் காகிதத்தைக் காட்டச் சொன்னது. வருஷா வருஷம் அந்தக் காகிதத்தைப் போட்டுக் கொடுப்பவர் மாட்டுங்காவில் ஒரு ஆடிட்டர். ஸ்டேஷன் பக்கம், கீழே பூக்கடை, மாடியில் அவர் ஆபீஸ். வயதானவர். அவர் பேசுவதைவிட அவர் ஃபேன்தான் அதிகமாகப் பேசும். எப்போதும் மச்சினன்தான் அங்கே போவான். அந்தத் தடவை செம்பூர்க் கடை விஷயமாயிற்றே என்று அவளே கிளம்பினாள். துணைக்கு நான்.

ஆடிட்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“நீங்க மாவு வியாபாரம்தானேம்மா பண்றேள்?”

“ஆமா சார்.”

“ஆன்லைன்ல விளையாடற வழக்கம் உண்டோ?”

“விளையாடவா? எனக்கு மூச்சு விட நேரமில்ல சார்.”

“விளையாடி ஜெயிச்சிருக்கேள்னு சர்க்கார் சொல்றதே. ஒன்பதாயிரத்து ஐநூறு. இதோ பாருங்கோ, உங்க பான் நம்பர். வரியும் பிடிச்சிருக்கா.”

என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். “என் பேர்லயா? சட்டாவா? எங்கப்பா வீட்டையே தொலைச்ச ஆட்டத்த நான் ஆடுனேன்னு எழுதி வச்சிருக்கானா? எந்த ஆபீசு சார் அது? நான் நேர்ல போய்க் கேக்கேன்.”

“உக்காருங்கோம்மா. இதுக்குப் பதில் சொல்ல வழி இருக்கு. இந்தத் தகவல் சரின்னு சொல்லலாம். தப்புன்னு மறுக்கலாம். இது வேறொருத்தரோடதுன்னு சொல்லி, அவா பான் நம்பரைக் கொடுக்கலாம். எதைப் போடட்டும்?”

“மறுங்க சார். எனக்குத் தெரியவே தெரியாது.”

“மறுத்தா வரி ஆபீஸ் அந்தக் கம்பெனியைக் கேக்கும். கம்பெனி எந்த போன்லேர்ந்து ஆடினான்னு காட்டும். பணம் உங்க பேங்க்லதான் விழுந்திருக்கு. யாரோ உங்க பேப்பரைத் திருடியிருக்கான்னா, சைபர் போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் எழுதணும்.”

“எழுதுவோம்! இப்பவே எழுதுவோம்! எந்தக் களவாணிப்பய என் பேர்ல ஆடுனான்னு தெரியணும்.”

அந்தக் களவாணிப்பய அவளுடைய ஒரே தம்பி. அவன் போனை எடுத்துக்கொண்டு போலீஸ் போவார்கள். அவன் என்னைக் கைகாட்டுவான். இல்லை, காட்டமாட்டான், அத்தான் பாவம் என்று அவனே மாட்டிக்கொள்வான். அதுதான் இன்னும் மோசம். நான் உண்மையைச் சொன்னால், அவள் கையால் எனக்கு இனிமேல் சோறு கிடையாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கரண்டியோடு சொன்ன வார்த்தையை அவள் ஒரு நாளும் மாற்றிக்கொள்ள மாட்டாள்.

ஆடிட்டர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார். “எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஆத்துல யாரும் ஆடலையே? போலீஸ்ல முதல்ல அதைத்தான் கேப்பா.”

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். “ஏங்க, நீங்க ஆடலைதானே?”

ஆடினேன் என்ற வார்த்தை வெளியே வரவே இல்லை. வந்தது வழக்கமான வார்த்தைதான்.

“ஆமா.”

“பாத்தீங்களா சார்? அவருக்குச் சட்டைக்குப் பட்டன் தைக்கத்தான் தெரியும். எழுதுங்க.”

ஆடிட்டர் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நாற்பது வருஷமாகப் பொய்க் கணக்குப் பார்த்த கண்.

“எந்த ஆமா ஓய்?”

நான் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தேன்.

“ஆமா, ஆடலைங்கற ஆமாவா? இல்லே, ஆமா ஆடினேங்கற ஆமாவா?”

“ரெண்டாவது ஆமா சார்” என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கே தெரியாமல் பேசத் தொடங்கினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். நிக்காதாவில் தொடங்கி, ஐம்பது பைசா, மெத்தை சுருட்டிய ஜனங்கள், போனஸ், இட்லி, இரண்டு ரூபாய் கூலி உயர்வு வரைக்கும் கொட்டிவிட்டேன். ஆடிட்டர் நடுவில் சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. கிரைண்டர் என்ற வார்த்தை வந்தபோது மட்டும் என்னைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்துக்கொண்டாள்.

“சார், என் பேர்லயே மாத்திடுங்க” என்றேன். “ஆடுனது நான்தானே.”

ஆடிட்டர் விரலை மடக்கினார். “கணக்கு அவா பேர்ல. பான் அவாளோடது. போட்ட ஐநூறு அவா உளுந்து டப்பா. வந்து விழுந்தது அவா பேங்க். அந்தப் பணத்துல வாங்கின கிரைண்டர் அரைக்கிறது அவா மாவு. இதுல உம்மோடதுன்னு சொல்ல உம்மகிட்ட என்ன இருக்கு? ஒரு ஆமா. அதுவும் தப்பான ஆமா.”



அவர் அவளிடம் நிதானமாகச் சொன்னார். இந்த மாதிரி ஜெயிப்புக்கு நேரே முப்பது சதம் வரி. மற்ற வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றாலும் இதற்கு விலக்கு இல்லை. செலவு என்று எதையும் கழிக்க முடியாது. தோற்றிருந்தால், அந்த நஷ்டத்தை மாவு வருமானத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த வருஷத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. வழக்கமாகப் போடுகிற சின்னப் படிவம் போதாது, பெரிய படிவம் போடவேண்டும். “எல்லாத்தையும் விட மோசம் எது தெரியுமா? இன்னொருத்தர் பேப்பரை வச்சுக் கணக்குத் திறந்தது. அந்த வழியா ஏதாவது திருட்டுப் பணம் ஒரு ரூபா வந்திருந்தாலும் உங்க அக்கவுன்ட்டை முடக்கியிருப்பா. மாவு வியாபாரமும் அன்னிக்கே முடங்கியிருக்கும். உங்க தம்பிகிட்டச் சொல்லுங்கோ.”

“அவன்கிட்ட நான் சொல்லுதேன்” என்றாள். அதைச் சொன்ன விதத்தில் எனக்கு மச்சினன்மேல் இரக்கம் வந்துவிட்டது. “இப்ப நான் என்ன கட்டணும் சார்?”

“முப்பது பிடிச்சுட்டா. அந்த வரிமேல செஸ்னு நாலு சதம் உபவரி உண்டு. அதைப் பிடிக்க மாட்டா, நாமதான் கட்டணும். நூத்திப்பத்து ரூபா.”

அவள் இடுப்புப் பையிலிருந்து நூறு ரூபாய்த் தாளும் பத்து ரூபாய் நாணயமும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். “சரின்னே போடுங்க. சட்டாக்காரின்னு எழுதிக்கட்டும். ஆனா கிரைண்டர்ல வரிப்பாக்கி இருக்கக்கூடாது.”

வீட்டுக்கு நடந்தே வந்தோம். அவள் நான்கு அடி முன்னால் போனாள். தாராவிக்குள் நுழையும்போது நின்று, திரும்பாமலே கேட்டாள். “அப்ப பாய் போனஸ் போடவே இல்ல?”

“இல்ல.”

“வெள்ளிக்கிழமை இட்லி?”

“சும்மா சாப்பிட்டாரு.”

கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள். “இப்ப நிசமாவே ரெண்டு ரூபா கூட்டிட்டாருல்லா. நிறுத்துனா அசிங்கம்.” பாய்க்கு இட்லி தப்பித்தது. எனக்குச் சோறு தப்பவில்லை.

அன்று மத்தியானம் என் தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. சோற்றுப் பானை பக்கத்தில் இருந்தது, குழம்பு இருந்தது, கரண்டியும் இருந்தது. அவள் இல்லை. நானே போட்டுச் சாப்பிட்டேன். சொன்ன வார்த்தை அப்படி. என்னைப் பட்டினி போடுவேன் என்று அவள் சொன்னதில்லை, சோறு போடமாட்டேன் என்றுதான் சொன்னாள். ஒரு வாரம் கழித்து, இன்னும் எத்தனை நாள் என்று கேட்டேன். “நடந்தத முழுசா எழுதிக் குடுங்க. வாயால சொன்னா எந்த ஆமான்னு எனக்குத் தெரியாது” என்றாள்.

எழுத உட்காரத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குள் ஆகஸ்டில் புதுச் சட்டம் வந்து, காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. அந்த ஆப்பும் போய்விட்டது. அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் வராமல் இருந்த மச்சினன், ஒரு ஞாயிறு மெல்ல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அத்தான், வெளிநாட்டு சைட் ஒண்ணு இருக்கு. இந்தச் சட்டம் அங்க வராது. கிரிப்டோ காயின் வாங்கிப் போடணும், அவ்வளவுதான். உங்க கருத்துக்கு அங்க நல்ல மதிப்பு.”

நான் தைத்துக்கொண்டிருந்த பட்டனை வைத்துவிட்டு எண்ணிச் சொன்னேன். இங்கே உட்கார்ந்து அங்கே ஆடினாலும் சட்டம் இங்கே உட்கார்ந்திருப்பவனைத்தான் பிடிக்கும். பந்தயம் கட்ட வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பவே அனுமதி கிடையாது. அந்தக் காயினில் லாபம் வந்தால் அதற்குத் தனியாக முப்பது சதம். வெளிநாட்டில் கணக்கு வைத்திருந்தால் வரிப் படிவத்தில் காட்டவேண்டும், காட்டாமல் மாட்டினால் அபராதம் நம் இரண்டு பேரையும் விற்றாலும் தீராது. அந்த சைட்டுக்காரன் ஒரு நாள் கடையை மூடிக்கொண்டு போனால், பந்தயப் பணத்தைக் கேட்டு எந்தக் கோர்ட்டிலும் நிற்க முடியாது. இதெல்லாம் ஆடிட்டர் வீட்டுக்கு இட்லி மாவு கொடுக்கப் போகிறபோது அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வைத்துக்கொண்டது.

மச்சினன் வாயைப் பிளந்தான். “என்ன அத்தான், சட்டத் தொழிலா பாக்கீங்க?”

“ஆமா” என்றேன்.

உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலாக ஒரு சிரிப்பு கேட்டது. வடாலாவில் பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது கேட்ட அதே சிரிப்பு. மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன்.

அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கம் வரை இன்று காலை அவளிடம் கொடுத்தேன். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது படித்தவள் அவள். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். ஒற்று போட்டாள், சுழியைத் திருத்தினாள், ‘சட்டை ஆடினேன்’ என்று நான் எழுதிய இடங்களில் எல்லாம் கொம்பை அடித்துக் கால் போட்டாள். இதில் பிழை குறைவாக இருந்தால் அது அவள் வேலை. மெத்தை சுருட்டிய ஜனங்களைப் பற்றிய இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அங்கே அவள் எதையும் திருத்தவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது என் தட்டு நிமிர்ந்து இருந்தது. கரண்டி அவள் கையில்.

“இனிமே ஆட மாட்டீங்களே?”

ஆமா நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. பிடித்து நிறுத்தினேன்.

“ஆட மாட்டேன்” என்றேன்.

ஒரு கரண்டி போட்டாள். எழுதியதைச் சரிபார்த்த பிறகு இன்னொரு கரண்டி என்றாள். அதனால் கையைக் கழுவிவிட்டு, இந்தக் கடைசிப் பக்கத்தை அவசரமாக எழுதி முடிக்கிறேன்.

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை, 16 நவம்பர் 2025.